முதல் கல்லை எறிய வேண்டியவர் யார்?

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் சேகரத்தில் ஒரு கமிட்டிக் கூட்டம். அசனப் பண்டிகை முடிந்து இரண்டு மாதம் ஆகியும் ஏலக் கணக்கு வரவில்லை. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எழுந்தார். "ஏலத்துல வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதி போர்டுல ஒட்டுங்க. அது போதும்" என்றார். பொறுப்பில் இருந்தவர் வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர்தான் பேசினார். "டீச்சர், நாம எல்லாருமே பாவிங்கதான. பாவம் இல்லாதவன் முதல் கல்லை எறியட்டும்னு ஆண்டவரே சொல்லிட்டாரு. நாம யாரு கேக்கதுக்கு?"

கூட்டம் அமைதியானது. டீச்சர் உட்கார்ந்துவிட்டார். ஜெபம் பண்ணி, டீ குடித்து, கலைந்தோம்.

அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதக் கூடாது. என் பெயரில் மூன்று வருஷச் சங்கக் காணிக்கை பாக்கி. கணக்கு என்று பேச்சு எழுந்தால் அது சுற்றி வளைத்து என் பக்கமும் வரும். ஆகவே அந்த வசனம் என்னையும் காப்பாற்றியது. பெரியவர் சொன்னதை நான் தாழ்மை என்றே எடுத்துக்கொண்டேன், அல்லது எடுத்துக்கொள்ள விரும்பினேன்.

பிறகு அந்தப் பகுதியை நிதானமாக வாசிக்கத் தொடங்கியபோதுதான் ஏதோ இடித்தது. அன்றைக்கு நாங்கள் கேட்டதும் யோவான் சுவிசேஷத்தில் இருப்பதும் ஒன்றல்ல. அப்போது எடுத்த குறிப்புகளைத்தான் இங்கே கோத்துத் தருகிறேன்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். யோவான் 7:53 முதல் 8:11 வரை, 12 வசனங்கள். விபசாரத்தில் கையும் களவுமாகப் பிடிபட்ட ஒரு பெண்ணை வேதபாரகரும் பரிசேயரும் ஆலயத்தில் இயேசுவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மோசேயின் சட்டப்படி கல்லெறிய வேண்டும், நீர் என்ன சொல்கிறீர் என்று கேட்கிறார்கள். இது கண்ணி. கல்லெறியுங்கள் என்றால் ரோம அதிகாரத்தோடு சிக்கல். மரண தண்டனை நிறைவேற்றும் உரிமை தங்களுக்கு இல்லை என்று யூதத் தலைவர்களே இதே சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தில் பிலாத்துவிடம் சொல்கிறார்கள். எறியாதீர்கள் என்றாலோ மோசேக்கு விரோதி. அவர் குனிந்து தரையில் எழுதுகிறார். விடாமல் கேட்டதால் நிமிர்ந்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து எழுதுகிறார். பெரியவர்கள் தொடங்கி ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். (எங்கள் கூட்டத்தில் பெரியவர் முதலில் பேசினார். கதையில் பெரியவர்கள்தான் முதலில் வெளியேறுகிறார்கள்.)

இந்த 12 வசனங்களும் யோவானின் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்பது பல விசுவாசிகளுக்கு அதிர்ச்சியாக இருக்கும். சுமார் 200-ஐ ஒட்டியது என்று பொதுவாகச் சொல்லப்படும் பாப்பிரஸ் 66-இல் இல்லை. பாப்பிரஸ் 75-இல் இல்லை. 4-ஆம் நூற்றாண்டின் இரண்டு பெரிய பிரதிகளான சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் இல்லை. நம் கைக்குக் கிடைத்த கிரேக்கப் பிரதிகளில் இது முதலில் தலைகாட்டுவது பேசா பிரதியில், சுமார் 400-ஐ ஒட்டி. ஒரு பக்கம் கிரேக்கம், எதிர்ப்பக்கம் லத்தீன் என்று எழுதப்பட்ட விசித்திரமான பிரதி அது; தியோடர் பேசா 1581-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. பிற்காலப் பிரதிகளில் இந்தக் கதை ஊர் ஊராக அலைகிறது. சிலவற்றில் யோவானின் கடைசியில் கிடக்கிறது. ஒரு குடும்பப் பிரதிகளில் லூக்கா 21-ஆம் அதிகாரத்தின் முடிவில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில எழுத்தர்கள் பக்க ஓரத்தில் சந்தேகக் குறி போட்டிருக்கிறார்கள். யோவானுக்கு வரிக்கு வரி பிரசங்கம் செய்த கிறிசோஸ்தோம் இதைத் தொடவே இல்லை.

இது யோவான் எழுதியது அல்ல, பழைய கதை ஒன்று பிறகு உள்ளே சேர்ந்தது என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் முடிவு. நானும் அதை ஏற்கிறேன். ஏற்பதால் எனக்கு விசுவாசத்தில் ஒன்றும் குறையவில்லை. எழுதப்பட்ட இடம் இல்லாமல் இத்தனை காலம் அலைந்தும் சாகாத கதை என்பதே அதன் மேல் ஒரு மரியாதையைத் தருகிறது.

அகஸ்டின் வேறுவிதமாக நினைத்தார். விசுவாசத்தில் குறைந்த சிலர், தங்கள் மனைவிமார் இதைச் சாக்காக வைத்துத் தவறு செய்துவிடுவார்களோ என்று பயந்து பிரதிகளிலிருந்து இதை நீக்கிவிட்டார்கள் என்பது அவருடைய ஊகம். பிரதி வரலாறாக அது நிற்காது. ஆனால் அந்தக் காலத்து ஆண்களின் பயம் எது என்று அது காட்டிக்கொடுக்கிறது: மன்னிப்பு இலவசமாகக் கிடைத்தால் ஒழுக்கம் கெட்டுவிடும், அதுவும் பெண்கள் கெட்டுவிடுவார்கள். அந்தப் பயம் பலித்ததா என்றால், எங்கள் ஊரில் பலித்தது. ஆனால் இந்த வசனத்தைச் சாக்காகப் பயன்படுத்தியவர் ஒரு மனைவி அல்ல. பணப்பெட்டிச் சாவி வைத்திருந்தவர்.

அகஸ்டினுக்கும் முந்திய ஒரு சாட்சியம் எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. 3-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் உருவான 'திதாஸ்காலியா' என்னும் சபை ஒழுங்கு நூல் இந்தக் கதையின் ஒரு வடிவத்தைச் சொல்கிறது. யாரிடம் சொல்கிறது? பிஷப்பிடம். தவறு செய்து மனம் திரும்பி வருகிறவர்களை விரட்டாதே, ஏற்றுக்கொள் என்று எச்சரிக்கிற இடத்தில் இந்தக் கதை வருகிறது. அதாவது, இந்தக் கதை சபையில் என்ன வேலை செய்தது என்று நாம் தெளிவாகப் பார்க்கக் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்றில், தள்ளிவைக்கும் அதிகாரம் உள்ளவன் காதில் அது ஓதப்படுகிறது. கணக்குக் கேட்கிறவள் காதில் அல்ல.

இனி என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்த ஒரு விஷயம். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த ஆட்கள் வெளியேறும்போது அவர்களுடைய மனச்சாட்சி அவர்களைக் கடிந்துகொண்டது என்று இருக்கிறது. பிரசங்கங்கள் எல்லாம் அந்த இடத்தில்தான் குரலைத் தாழ்த்தும். ஆனால் பேசா பிரதியில் அந்த மனச்சாட்சி இல்லை. பிற்காலப் பிரதிகளில்தான் அது நுழைகிறது. பழைய வடிவத்தில் அவர்கள் கேட்டார்கள், போனார்கள்; அவ்வளவுதான். அவர்கள் உடைந்து போனார்களா, வாதத்தில் தோற்றோம் என்று எரிச்சலோடு போனார்களா, நாளைக்கு வேறு கண்ணி வைக்கலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டே போனார்களா என்று கதை சொல்லவில்லை. யாரோ ஓர் எழுத்தருக்கு அந்த வெறுமை பொறுக்கவில்லை. அவர்களுக்கு ஒரு மனந்திரும்புதலைப் பரிசாகக் கொடுத்துவிட்டார்.

தரையில் எழுதியதற்கும் இதே கதிதான். என்ன எழுதினார் என்று கதை சொல்லாததால் ஆளாளுக்கு எழுதிக்கொண்டார்கள். குற்றம் சாட்டியவர்களின் பாவங்களை எழுதினார் என்றார் ஜெரோம். கர்த்தரை விட்டு விலகினவர்களின் பெயர் மண்ணில் எழுதப்படும் என்று எரேமியா 17-இல் வருவது அவருக்குக் கைகொடுத்தது. சில பிரதிகளில் ஒவ்வொருவனுடைய பாவத்தையும் எழுதினார் என்றே வசனத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். ஓவியர் பீட்டர் புரூகல் 1565-இல் சாம்பல் நிறத்திலேயே வரைந்த ஒரு சின்னப் படம் லண்டன் கோர்ட்டால்ட் காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பெரிய நோட்டைத் திறந்து வைத்த அளவுகூட இருக்காது. அதில் குனிந்திருக்கும் இயேசு தரையில் டச்சு மொழியில் எழுதுகிறார். எழுதுவது அந்த முதல் கல் வாக்கியத்தையே. எனக்குப் புரூகலின் ஊகம்தான் பிடித்திருக்கிறது. ஜெரோமின் இயேசு இரகசிய டைரி வைத்திருக்கும் போலீஸ்காரரைப் போல இருக்கிறார். புரூகலின் இயேசுவிடம் யாருடைய பட்டியலும் இல்லை. அவரவரே போட்டுக்கொள்ள வேண்டிய பட்டியல் அது.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருவோம். 'முதல் கல்' என்பதை நாம் பழமொழியாகவே கேட்டுப் பழகிவிட்டோம். மேடைப் பேச்சில், சினிமா வசனத்தில், டீக்கடையில் எல்லாம் அது 'யார்தான் யோக்கியம்?' என்ற அர்த்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆலய முற்றத்தில் நின்றவர்களுக்கு அது பழமொழி அல்ல, சட்டச் சொல். உபாகமம் 17-ஐப் பாருங்கள். ஒருவன் வாக்குமூலத்தால் யாரையும் கொல்லக் கூடாது, இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும், கொலை செய்யும்போது சாட்சிகளின் கைதான் முதலில் அவன்மேல் விழ வேண்டும். முதல் கல் சாட்சியின் கல். தான் பார்த்ததாகச் சொன்னதற்குத் தன் கையாலேயே பொறுப்பேற்க வேண்டும் என்று அந்தச் சட்டம் நினைத்திருக்கிறது. சாட்சி பொய் என்று தெரிந்தால், பிறனுக்கு அவன் செய்ய நினைத்ததை அவனுக்கே செய்ய வேண்டும் என்கிறது 19-ஆம் அதிகாரம்.

அப்படியானால் அவர் கேட்டது, 'உங்களில் சாட்சி யார்? முன்னால் வா' என்பதும்கூட. அங்கேதான் கதையின் பெரிய ஓட்டை தெரிகிறது. கையும் களவுமாகப் பிடித்தார்கள் என்றால் அந்த ஆண் எங்கே? லேவியராகமம் 20:10-உம் உபாகமம் 22:22-உம் இருவரும் சாக வேண்டும் என்கின்றன. பிடித்தவர்கள் அவனைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்று அவன் ஓடினான், அல்லது விட்டார்கள், அல்லது அவனும் அந்தக் கூட்டத்தில் கல்லோடு நின்றான். மோசேயின் சட்டத்தைக் காப்பாற்ற வந்தவர்கள் பாதிச் சட்டத்தைத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். பாவமில்லாதவன் என்பதற்குக் கிரேக்கத்தில் இங்கே வரும் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வருவதில்லை. அதன் எல்லையை முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது. பிறவியிலிருந்தே குற்றமற்றவன் என்றும் வாசிக்கலாம். இந்த வழக்கில் கை கறைபடாதவன் என்றும் வாசிக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. எப்படி வாசித்தாலும், கேள்வி ஒருத்தியின் உயிரைப் பறிக்கக் கல்லோடு நிற்பவர்களை நோக்கிப் போகிறது. எங்கள் டீச்சர் கையில் கல் இல்லை. ஒரு தாள்தான் கேட்டார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். நானே எனக்குள் கேட்டுக்கொண்டதுதான். டீச்சரும் பாவிதானே? கேட்கிறவர்களுக்குத் தாழ்மை வேண்டாமா? வேண்டும். மலைப்பிரசங்கத்தில் வரும் துரும்பும் உத்திரமும் உவமையே அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்த உவமையை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். உன் கண்ணில் உத்திரம் இருக்கிறது, ஆகவே சகோதரன் கண்ணில் உள்ள துரும்பைப் பேசாதே என்று முடிவதாகவே பலர் நினைக்கிறார்கள். மத்தேயு 7:5 அப்படி முடியவில்லை. முதலில் உத்திரத்தை எடு, பிறகு துரும்பை எடுக்க வகை தெரியும் என்று முடிகிறது. துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்று யாரும் சொல்லவில்லை. கண்ணில் விழுந்த தூசியை யாராவது எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுக்கிறவனுக்குப் பார்வை சரியாக இருக்க வேண்டும். கலாத்தியர் 6:1-இல் பவுல் சொல்வதும் இதே திசைதான்: தவறினவனைச் சாந்தத்தோடு சீர்ப்படுத்துங்கள், நீங்களும் விழாதபடி உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீர்ப்படுத்துகிற வேலை ரத்தாகவில்லை.

தாவீதிடம் போன நாத்தானை நினைத்துப் பாருங்கள். ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையைச் சொல்கிறான், ராஜா கொதிக்கிறான், அந்த மனுஷன் நீதான் என்று நாத்தான் விரலை நீட்டுகிறான். 'நானும் பாவிதான் ராஜா, இருந்தாலும்...' என்று அவன் தொடங்கவில்லை. தாவீதும் 'நீ மட்டும் யோக்கியமா?' என்று திருப்பிக் கேட்கவில்லை. 2 சாமுவேல் 12-இல் எனக்கு ஆச்சரியமாக இருப்பது அந்தக் கேள்வி வராததுதான். ராஜா நினைத்திருந்தால் கேட்டிருக்கலாம். நம் குறளிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. பிறர் குற்றம் காண்பதுபோல் தன் குற்றம் காணச் சொல்லும் குறள் புறங்கூறாமை அதிகாரத்தில் வருகிறது, முதுகுக்குப் பின்னால் பேசுவதைப் பற்றியது. ஆள்கிறவனை முகத்துக்கு நேரே இடித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று அதே வள்ளுவர் இன்னோர் இடத்தில் சொல்கிறார்.

அப்படியானால் 'நானும் பாவி' என்ற சொல்லுக்கு எங்கே இடம்? எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் ஒரு பதில் இருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கேத்தே என்னும் இடத்தில் வாழ்ந்த அப்பா மோசே முன்னாளில் கொள்ளைக்காரர். ஒரு சகோதரன் ஏதோ தவறு செய்துவிட, அவனை விசாரிக்கச் சபை கூடுகிறது. மோசேக்கு ஆள் அனுப்புகிறார்கள், அவர் போகவில்லை. எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று மறுபடியும் அழைப்பு. அவர் ஓட்டைப் பாத்திரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பிச் சுமந்துகொண்டு வருகிறார் (ஓட்டைக் கூடையில் மணல் என்றும் சொல்வதுண்டு). இது என்ன என்று கேட்டவர்களிடம், என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டிருக்கின்றன, நான் பார்க்கவில்லை, இன்னொருவனுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறேன் என்ற பொருளில் பதில் சொல்கிறார். அந்தச் சகோதரனை மன்னித்து விட்டுவிடுகிறார்கள். பெஸாரியோன் என்ற இன்னொரு துறவியின் கதை இதைவிடச் சின்னது. பாவம் செய்த ஒருவனைக் குருவானவர் ஆலயத்தை விட்டு வெளியே போகச் சொல்கிறார். பெஸாரியோன் எழுந்து, நானும் பாவிதான் என்று அவனோடு கூடவே வெளியே நடந்துவிடுகிறார்.

இந்த இரண்டு கதைகளிலும் அந்த வாக்கியத்தைச் சொல்வது யார் என்று கவனித்தேன். குற்றம் செய்தவன் சொல்லவில்லை. அவனுடைய பக்கத்து நாற்காலிக்காரரும் சொல்லவில்லை. தீர்ப்புச் சொல்லும் ஆசனத்தில் இடம் இருந்தவர், அந்த இடத்தை விட்டு இறங்கிச் சொல்கிறார். சொன்னதால் அவருக்கு ஏதோ ஒன்று செலவாகிறது. மோசே சுமந்து வந்தார். பெஸாரியோன் வெளியே போனார். எங்கள் பெரியவருக்கு எதுவும் செலவாகவில்லை. 'நாம எல்லாருமே' என்று பன்மையில் சொன்னார், கணக்கு இரண்டு பக்கமும் நேராகிவிட்டது. தன்மை ஒருமையில் சொல்ல வேண்டியதைத் தன்மைப் பன்மையில் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம். நானும் அந்த 'எல்லாரு'க்குள் ஒளிந்துகொண்டேன்.

எல்லோரும் போன பிறகு மிஞ்சியது இரண்டே பேர், பரிதாபத்துக்குரியவளும் பரிவும் என்று அகஸ்டின் அழகாகச் சொல்லியிருக்கிறார். போப் பிரான்சிஸ் 2016-இல் எழுதிய திருமடலுக்கு அதிலிருந்தே பெயர் எடுத்தார். அந்த அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் அதிலேயே மயங்கினால் அந்தப் பெண்ணிடம் அவர் கடைசியாகச் சொன்னது காதில் விழாது. நீ ஒன்றும் செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை. இனிமேல் செய்யாதே என்றார். நடந்தது நடந்ததாகவே இருக்கிறது, தண்டனைதான் விலகியது. எங்கள் கமிட்டியில் தண்டனை பற்றி யாருமே பேசவில்லை. நடந்தது என்ன என்று கேட்டதற்கே வசனம் வந்து விழுந்தது.

இதையெல்லாம் நோட்டில் எழுதி முடித்த பிறகு ஒரு நாள் சேகர அலுவலகத்துக்குப் போய் மூன்று வருஷ பாக்கியைக் கட்டினேன். ரசீது எழுதியவர் "என்ன அண்ணாச்சி, திடீர்னு?" என்று சிரித்தார். அங்கிருந்து நேராக டீச்சர் வீட்டுக்கு.

அன்றைக்கு நான் பேசாமல் இருந்தது தப்பு என்று சொன்னேன். ஏன் பேசவில்லை என்பதையும் சொன்னேன். அவர் பூ கட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும். சங்கத்து நோட்டு ரொம்ப நாள் நான்தான எழுதினேன்" என்றார். பிறகு, "இப்ப கட்டிட்டியா?"

"கட்டிட்டேன் டீச்சர். ரசீது இருக்கு."

"சரி, உட்காரு" என்று உள்ளே போய், ஏலத்தன்றைக்கு யார் எதை என்ன விலைக்கு எடுத்தார்கள் என்று தன் கையால் குறித்து வைத்திருந்த ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்து வந்தார்.